வாசலில் நிறுத்தியவள்

பைக் முக்குத் திரும்புகிறது. ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் ஓட வேண்டியதில்லை. கேட்கவில்லை. வண்டி அப்படியே சாய்கிறது. கண்ணாடி நொறுங்குகிறது.

"ம்மா! அப்பா வாராரு! கொல்லப்பக்கம் ஓடு!"

கத்துவது என் மகள் செல்வி. அப்போது வயது எட்டு. நான் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். கொல்லையை ஒட்டிய பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை. குழந்தையின் வாயைப் பொத்துகிறேன். செல்வி என்னுடன் இல்லை. வாசலில் நிற்கிறாள். நான்தான் நிற்கச் சொன்னேன்.

அறந்தாங்கி வீட்டில் அதுதான் எங்கள் ஏற்பாடு. குடித்தால் என் கணவர் என்னை அடிப்பார். செல்வியை அடித்ததில்லை. அவள் செருப்பைக் கழற்றுவாள். சோறு பிசைந்து ஊட்டுவாள். அவர் அழுவார். தூங்குவார். பிறகு கொல்லைக்கு வந்து சொல்வாள். "வாம்மா. படுத்துட்டாரு."

சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். "அப்பனையே அடக்கிருவா. ஒங்க வீட்டுப் போலீஸ்காரி இவதான்" என்று நாத்தனார் சிரித்தாள். நானும் சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

வண்டி சாய்ந்த அன்று பித்தளைச் செம்பு சுவரில் மோதியது. பிறகு சத்தமே இல்லை. கொல்லைக் கதவு வரை வந்தேன். உள்ளே போகவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. அவர் விழித்துவிடுவாரே என்று நின்றேன். அவளே வந்தாள். பாவாடை முழுக்கச் சோறு. கையில் நசுங்கிப்போன செம்பு.

செல்விக்குப் பதினாறு முடியும்போது அவர் குடியை நிறுத்தினார். அரசு மருத்துவமனையில் சிகிச்சை. இன்றும் மாத்திரை தவறுவதில்லை. செல்விக்கு இப்போது இருபத்திரண்டு. தூக்கமில்லை. பைக் சத்தம் கேட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுகிறாள்.

போன வாரம் அதே மருத்துவமனைக்கு அவளை அழைத்துப்போனேன். மனநல ஆலோசகர் கேட்டார்.

"சின்ன வயசுல ரொம்பப் பயந்தீங்களாம்மா?"

"பயப்பட எங்க மேடம் நேரம்? தம்பி அழுதுறக் கூடாது. அம்மா மாட்டிக்கிறக் கூடாது."

"அப்ப ஒங்கள யாரு பாத்துக்கிட்டா?"

 

இன்று மாலை பைக் சத்தம். ஸ்டாண்டு போடுகிறார். செல்வி எழுகிறாள்.

"நீ உக்காரு. நான் போறேன்."

வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்க்கிறேன். அவள் உட்காரவில்லை. எனக்குப் பின்னால் நிற்கிறாள்.

என் பல் இரண்டு. பித்தளைச் செம்பு ஒன்று. இவற்றை எடுத்தவர் அவர். செல்வியின் எட்டு வயது. ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. பதினைந்து. பதினாறு. இவற்றை எடுத்தவள் நான்.