ஆரஞ்சு உரிக்கிறதுக்கு முன்னாடி

ஐயோ, உரிக்காத மாப்ள! கீழ வை அந்த ஆரஞ்ச. முதல்ல உக்காரு. உங்கக்கா இப்பதான் கண்ணசந்தா, மெதுவா பேசு.

அப்படி முறைக்காத. என்னைக் கிறுக்கன்னு நெனச்சா நெனச்சுக்கோ, உங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான நெனைக்கிறாங்க. தோலைக் கிள்ளினா குப்புன்னு மணக்குதில்ல, அது வெறும் ஆவி. லேசு. அதால ஒரு கெடுதலும் இல்ல. ஆனா மூலையில உர்ருன்னு ஓடுதே காத்து சுத்தம் பண்ற மெஷினு, அது ஓசோன் கக்குது. ஓசோன் அந்த ஆவியக் கண்டா சும்மா விடாது, ஒரு கடி. கடிபட்டது கனத்துப் போயிடும், முன்ன மாதிரி பறக்க முடியாது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், இல்ல தூசு மேல ஏறி உக்காந்துக்கும். கண்ணுக்கே தெரியாத துகளு. நேரா நுரையீரலுக்குள்ள போகும்.

எங்க லேப்ல வேற என்ன பண்றோம்? ரூம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை. அதுக்குள்ள ஒரு சொட்டு ஆரஞ்சு எண்ணெய், கொஞ்சம் ஓசோன். அவ்ளோதான், துகள் எண்ணுற மெஷின்ல நம்பரு கிடுகிடுன்னு ஏறும். காட்டுல மரமும் இதத்தான் பண்ணுது. தூரத்து மலை நீலமா தெரியுதே, அதுல இதுக்கும் பங்கு இருக்கு. பாக்க நல்லாத்தான் இருக்கும். உங்கக்கா நுரையீரலுக்கு ஆகாது.

ஆமா, நீ வாங்கிக் குடுத்த மெஷினேதான். தூக்கிப் போடுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். என் தம்பி ஆசையா வாங்கிக் குடுத்ததுன்னு ஒரே பிடிவாதம். உங்கக்காவோட யாரு மல்லுக்கட்டுறது? மணக்கிற சோப்பு, சென்ட்டு, தரை துடைக்கிற எலுமிச்சத் தண்ணி, எல்லாத்தையும் வெளிய துரத்தினேன். ஆரஞ்சு தின்னணும்னா அவ மாடிப்படிக்குப் போயிடுவா. கை கழுவிட்டு வந்தும் விரல்ல மணக்கும். என்னை வெறுப்பேத்த மூக்குக்கிட்ட நீட்டுவா.

எங்க எந்திரிச்சிட்ட? பழத்த எடுத்துட்டுப் போகாதப்பா. வாங்கிட்டு வரச் சொல்லி போன் பண்ணதே நான்தான?

காலைல டாக்டர் வந்துட்டுப் போனாரு. வலிக்கு மட்டும் மருந்து போதுமாம். இனிமே எது கேட்டாலும் குடுங்கன்னுட்டாரு. என்னம்மா வேணும்னு கேட்டேன். ஆரஞ்சுன்னு சொன்னா. மாடிப்படி வரைக்கும் இனி அவளால நடக்க முடியாது மாப்ள.

அழாத, முழிச்சுக்கப் போறா. இரு, உன் மெஷின அணைச்சிடறேன். ஜன்னலையும் சாத்திடறேன், வெளியேந்தும் ஓசோன் வரும்.

ம், இப்ப உரி. அங்க இல்ல, தலமாட்டுல உக்காந்து உரி. நல்லா மணக்கட்டும்.