கொண்டை ஊசி வளைவில் ஒரு மஞ்சள் குடை

உங்களுக்குப் படிக்கும் கண்ணாடி தேவைப்படுகிறது, மேடம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் வந்ததிலிருந்து பார்க்கிறேன், அந்தக் காகிதத்தைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்துத்தான் படிக்கிறீர்கள். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான். என் கண்ணாடிக் கடைக்கு வரும் பாதிப் பேர், "இப்பல்லாம் எழுத்தையே சின்னதா அடிக்கிறாங்க சார்" என்று அச்சகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள்.

பந்தயத் திடல் விபத்து விஷயமாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். போடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும். அவர் சிவப்பு வண்டிக்காரரின் ரசிகர் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலியோரம் நின்று தொண்டை கிழியக் கத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காக அவர் மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. ரசனை எல்லோருக்கும் அமைந்துவிடாது.

நான் ஆமையின் ஆள். நீங்கள் மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். வார நாட்களில் அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கூரைமேல் பலகை வைத்த பழைய காரில், பக்கத்தில் வியர்த்து வழியும் ஒரு புது ஆளை உட்கார வைத்துக்கொண்டு கடைத்தெருவில் ஊர்ந்து போவார். சைக்கிள்காரர்கள்கூட மணியடித்து முந்திக்கொண்டு போவார்கள். பெயர் அப்படி வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழைய விமான ஓடுதளத்தில் அதே மனிதர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேறு பிறவி எடுத்துவிடுவார். ஜெயித்ததும், "மறுபடியும் ஆமையிடம் தோற்றார்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். தோற்றவர்களுக்கு அதைவிட அவமானம் வேறு வேண்டாம். அதைக் கேட்கத்தான் நான் வாரம் முழுக்கக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு இன்னொரு பைத்தியம் மாயாஜாலப் படம். பறக்கும் கம்பளம், பேசும் வாள், தீ கக்கும் டிராகன், மந்திரம் சொன்னால் திறக்கும் குகை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், கதை எப்படி இருந்தாலும் முதல் நாளே போய்விடுவேன். என் மனைவிக்குப் பந்தயமும் ஆகாது, படமும் ஆகாது. "ஒண்ணு புழுதி, இன்னொண்ணு புளுகு" என்பாள்.

அதனால் இரண்டுக்கும் எனக்குத் துணை அவளுடைய தம்பிதான். கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை வைத்திருந்தான். ஆமையின் பந்தய வண்டிக்குச் சீட்டு தைத்துக் கொடுத்ததும் அவன்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னோடு சேர்ந்து கெட்டுப்போனான் என்று என் மாமியார் சொல்வார். நல்லவன். ஒரே குறை, ஓர் இடத்தில் உட்கார மாட்டான். தியேட்டரில் முன்னால் ஒரு தலை மறைத்தால் போதும், எழுந்து வேறு வரிசைக்குப் போய்விடுவான். படம் முடிவதற்குள் அவனை நான் இருட்டில் ஒரு தடவையாவது தேட வேண்டியிருக்கும்.

எங்களுக்குள் ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகாது. அந்த மாதிரிப் படங்களில் வெள்ளைத் தாடியோடு ஒரு கிழவர் வருவார், பார்த்திருப்பீர்கள். கதாநாயகனைக் கூப்பிட்டு, கையில் ஒரு மோதிரத்தையோ விளக்கையோ கொடுத்து, பயப்படாமல் போ என்று அனுப்பிவைப்பார். முழு விவரத்தையும் சொல்ல மாட்டார். மச்சினனுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்.

"அந்தாளு மொதல்லயே உண்மையச் சொல்லியிருந்தா படம் அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும் மாமா. இத்தனை பேர் செத்திருக்க மாட்டாங்க."

"அரை மணி நேரத்துல முடிஞ்சா நாம எதுக்குடா டிக்கெட் வாங்கினோம்?" என்பேன்.

சீசன் தொடங்குவதற்கு முன் நாற்பது வயதைத் தாண்டிய ஓட்டுநர்கள் கண் பரிசோதனை செய்துகொண்டு சான்று கொடுக்க வேண்டும் என்பது பந்தய கிளப்பின் விதி. கண் பரிசோதனைக்குப் படித்தவன், கிளப் உறுப்பினர் வேறு, ஆகவே அந்த வேலை எப்போதும் எனக்குத்தான். அன்று மாஸ்டர் மதிய நேரத்தில் வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"எதிர்ல வர்ற லைட்டெல்லாம் பஞ்சு மாதிரி விரியுது சார். வெயில்ல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ புகை போட்ட மாதிரி இருக்கு. விட்டுடலாமான்னு பாக்கறேன்."

"எதை விடறது?"

"ரேஸைத்தான். வீட்லயும் சொல்லிட்டே இருக்காங்க."

விளக்கை வைத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை. நன்றாக முற்றியது. சுவரில் இருக்கும் பெரிய எழுத்துகளையே அவர் குத்துமதிப்பாகத்தான் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, கண் ஆஸ்பத்திரியில் எடுத்துவிடுவார்கள், இந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம். ஆனால் இரண்டு கண்ணையும் முடித்துவிட்டு வருவதற்குள் சீசன் போய்விடும். அவருடைய மனைவி எப்போது சாக்குக் கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார். ஒரு சீசன் வீட்டில் உட்கார்ந்தவரை மறுபடி அவர் வெளியே விடுவாரா? அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்வது, மேடம்? சிவப்பு வண்டிக்குக் கை தட்டுவதா?

"மனசுல பயம் வந்தா கண்ணு மங்கத்தான் செய்யும் மாஸ்டர்" என்றேன். "உங்களுக்கு லேசா வறட்சி, அவ்வளவுதான். சொட்டு மருந்து தர்றேன்."

"நிஜமாவா சார்?"

"இத்தனை வருஷமா கண்ணு பாக்கறேன். உங்ககிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு மனிதனுக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுப்பது தப்பா என்று அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். தப்பில்லை என்றுதான் தோன்றியது. கொடுத்த சொட்டு மருந்தும் வெறும் ஈரப்பதத்துக்கானது. அதனால் அவர் கண்ணுக்கு எந்தக் கெடுதலும் இல்லை என்பதையும் ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும்.

பயிற்சி ஓட்டம் முடிந்து மறுபடி வந்தார். திடலின் கோடியில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதற்கு முன்னால் வேலியோரம் ஒரு பலகை நட்டிருப்பார்கள். பலகையைத் தாண்டும்போது பிரேக் பிடித்தால்தான் வண்டி திரும்பும். அந்தப் பலகை தன் கண்ணுக்கே படவில்லை என்றார்.

"அதுக்கென்ன மாஸ்டர், பெயிண்ட் மங்கிப்போச்சு. எனக்கே சரியாத் தெரியல" என்றேன். "பலகை பக்கத்துல நான் ஒரு மஞ்சள் குடையோட உக்காந்துக்கறேன். அதைப் பாத்துப் பிரேக் புடிங்க."

பெரிய குடையாகவே வாங்கினேன். விரித்தால் நாலு பேர் ஒதுங்கலாம். எனக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். பொறுத்துக்கொண்டேன். ஆமை முதல் பந்தயத்தில் ஜெயித்தார், அடுத்ததிலும் ஜெயித்தார். வண்டி என்னை நோக்கி வந்து, குடைக்கு நேராக முனகி, வளைந்து போகும்போது, பாதி ஓட்டுவது நான்தான் என்று இருக்கும். ஒரு ரசிகனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சினிமாவில் அதிகபட்சம் திரையைப் பார்த்து விசிலடிக்கலாம்.

மூன்றாவது பந்தயத்தில் சரளைக்கல் தெறித்து என் டீ தம்ளருக்குள் விழுந்தது. அப்போதுதான் வண்டி வேலிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று கவனித்தேன். அவருடைய புரை வளர்ந்துகொண்டிருந்தது. குடையையே இப்போது தாமதமாகத்தான் பார்க்கிறார். நான் முட்டாளில்லை, மேடம். இனி அந்த இடத்தில் உட்காருவது நல்லதல்ல என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். கோப்பைக்கான பந்தயம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கடைசிக் காட்சிக்கு முன்னால் யாராவது தியேட்டரில் விளக்கைப் போடுவார்களா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினனிடம் குடையைக் கொடுத்தேன்.

"மாப்ள, எனக்கு இடுப்புப் புடிச்சிருக்கு. மேல கேலரில சாய்மானம் இருக்கற பக்கம் போறேன். என் இடத்துல நீ உக்காரு."

"குடை எதுக்கு மாமா? வெயிலே இல்லையே."

"மாஸ்டருக்கு அது ராசி."

"கண்ணு பாக்கறவர் பேசற பேச்சா இது?" அவன் சிரித்தான். "சரி, குடுங்க. தாடி ஒண்ணுதான் உங்களுக்குப் பாக்கி."

"அந்த இடத்தை விட்டு அசையாதே" என்றும் சொன்னேன். சொல்லாமல் விடவில்லை. காரணத்தை மட்டும்தான் சொல்லவில்லை. அவன் கேட்டானே என்று நீங்கள் சொல்லலாம். விளையாட்டாகக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மேலே நல்ல இடம் கிடைத்தது. இத்தனை வருடமாக அங்கே உட்காராமல் போனோமே என்று இருந்தது. திடல் முழுக்கத் தெரிந்தது. கடைசிச் சுற்றில் ஆமையும் சிவப்பு வண்டியும் ஒட்டிக்கொண்டு வந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு புகைப்படக்காரர் மச்சினனுக்கு முன்னால் வந்து நின்றார். அவனுக்கு மறைத்திருக்கும். மஞ்சள் குடை எழுந்தது. வேலியோரமாக வளைவுப் பக்கம் நடந்தது. நன்றாகத் தெரியும் இடம் கிடைத்ததும் நின்றது.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தாலும் ஒலிபெருக்கி சத்தத்தில் கேட்டிருக்காது. தவிர, அந்த நேரத்தில்தான் ஆமை உள்பக்கமாக நுழைந்து சிவப்பு வண்டியை முந்தினார். ரைட்டரே ஒப்புக்கொள்வார், அப்படி ஒரு முந்தலை இந்த ஊர் பார்த்ததில்லை. என் கைகள் தட்டிக்கொண்டிருந்தன. அதனால் அடுத்து நடந்ததைத் தட்டிக்கொண்டேதான் பார்த்தேன். மாஸ்டர் குடையைப் பார்த்தார், பிரேக்கைப் பிடித்தார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. பலகைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய குடை வளைவுக்குப் பக்கத்தில் இருந்தது. வண்டி வேலியையும் குடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. மச்சினன் ஆம்புலன்ஸிலேயே போய்விட்டான்.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

என் மனைவி வெளியே பெஞ்சில் இருக்கிறாள். தம்பியைப் பறிகொடுத்த இந்த நிலைமையிலும் என் பிரஷர் மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நேற்று என்னிடம், "உங்க இடத்துல ஒரு நாளாவது உக்காரணும்னு அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. விட்டுக் குடுத்தீங்களே, அது போதும்" என்றாள். அவளுக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு நான் ஏன் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நேற்று மாலை ஆஸ்பத்திரியில் மாஸ்டரைப் பார்த்தேன். தோள்பட்டையில் கட்டு. என்னைப் பார்த்ததும் அழுதார்.

"கண்ணு நல்லாருக்குன்னு நீங்கதான் பாத்துச் சொன்னீங்க. அப்ப என் கைதான் சார் தப்பு பண்ணியிருக்கு. உங்க வீட்டுப் புள்ளையக் கொன்னுட்டேன். இனிமே ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன்."

உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. நீங்கள் தள்ளிப் பிடித்துப் படிக்கும் அந்தக் காகிதத்தில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று இருக்கிறது. குடையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாராம். இனிமேல் தொடவே மாட்டேன் என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது, மேடம். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். மச்சினனைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

ஆகவே அதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள். புரை இருப்பது தெரிந்தே மறைத்தவன் நான். பொய்ச் சான்று கொடுத்தவன் நான். ஆபத்து என்று தெரிந்து எழுந்து போய், அந்த இடத்தில் மச்சினனை உட்கார வைத்ததும் நான். எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஓட்டுநர் மேல் துளிக் குற்றம்கூட இல்லை என்ற வரியை மட்டும் கொஞ்சம் அழுத்தமாக எழுதச் சொல்லுங்கள். கிளப்பில் அதைத்தான் பார்ப்பார்கள். அந்த வரி இருந்தால் அவருக்குத் தடை போட முடியாது. தோள் ஆறிவிடும், புரையையும் எடுத்துவிடலாம். நல்ல மருத்துவர் ஒருவரின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன், அதை மாஸ்டரிடம் சேர்த்துவிடுங்கள். அடுத்த சீசனை உள்ளூர் கேபிளில் நேரலையாகக் காட்டப்போகிறார்களாம். புரையோடவே இப்படி முந்தியவர், கண் தெளிந்தால் எப்படி ஓட்டுவார் என்று பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி போடுவார்களா, மேடம்?