பக்கத்துக் கட்டில்

— இங்க பாரு சூடா, இந்த அலமாரியைக் காலி பண்ணிட்டா மதி, அதுவே போறும். மாசத்துக்கு முப்பது பெட்டி மருந்து வரும்னு ஆஸ்பத்திரில ஷிஜா சிஸ்டர் சொன்னா. ஜன்னல் உசரத்துக்கு அடுக்கிடலாம், கேட்டோ.

— அதுல ஆஷாவோட புஸ்தகம் இருக்கே. பெங்களூர்லேர்ந்து வந்தா கேப்பா.

— பொண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு. எந்தப் புஸ்தகத்தைக் கேக்கப் போறா? நீ ஏன் முகத்தை இப்படி வெச்சிண்டிருக்கே? உனக்காகத்தானே இதுக்கு ஒத்துண்டேன்.

— எனக்காகவா?

— பின்னே? வாரத்துல மூணு நாள், நாலு நாலு மணி நேரம். நான் உள்ள ஏசில படுத்துண்டு ரத்தத்தை மிஷின்ல சுத்தம் பண்ணிக்கறேன். நீ வெளில இரும்பு நாற்காலில. ரெண்டரை வருஷமாச்சு. இனிமே ஆத்துலயே டயாலிசிஸ். வயித்துல சின்னதா ஒரு குழாய் வெச்சுடுவா. படுக்கறச்சே மிஷினோட சேத்துட்டா, அதுபாட்டுக்கு மருந்துத் தண்ணியை உள்ள விட்டு வெளில எடுத்துடும். விடிஞ்சா நான் ஃப்ரீ. கைல ஊசியும் கிடையாது.

— அது இருக்கட்டும். குழாய்ல அழுக்கு பட்டு சீழ் வெச்சா?

— கை அலம்பறதுலேர்ந்து எல்லாம் பத்து நாள் கத்துக்குடுக்கறா. நான் பயந்த மாதிரி இருந்தேனோ என்னவோ, 'பேடிக்கண்டா சார்', பயப்படவேண்டாம்னு தோளைத் தட்டினா ஷிஜா.

— பூனை வரும்.

— எந்தப் பூனை?

— பக்கத்தாத்து சேஷனோடது.

— கதவைச் சாத்தினா பூனை எங்கேர்ந்து வரும்? நீ மனசுல வேற ஏதோ வெச்சிண்டு பூனையைச் சொல்றே.

— தளவாயைப் பாக்காம இருப்பேளா நீங்க?

— அது கஷ்டம்தான். ரெண்டரை வருஷமா பக்கத்துக் கட்டில். சாலைக் கடைத்தெருவுல அரிசி மூட்டை தூக்கினவன். என்னைப் பாத்ததும் முதல் கேள்வி, 'சாமி, இன்னைக்கு உடம்புல எத்தனை கிலோ தண்ணி ஏத்திட்டு வந்தீரு?' ரெண்டுன்னு நான் சொன்னா, 'நமக்கு மூணு, ஆனா எறக்குகூலி கெடையாது'ன்னு சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே போலாம்.

— மாடத்தியும் அப்படித்தான். சிரிச்சுண்டே இருப்பா.

— அவன் பொண்டாட்டியா? பாவம். கிட்னியை நான் தரேன்னு அவ வந்து நின்னப்போ ரத்த குரூப் சேரலைன்னுட்டா. அவனுக்கு நாப்பத்தொரு வயசு, பொண்ணு ஒம்பதாம் கிளாஸ். லிஸ்ட்ல பேர் குடுத்துட்டு மூணு வருஷமா ஃபோனைப் பாத்துண்டிருக்கான். நாளைக்கே எனக்கு ஒரு கிட்னி கிடைச்சுதுன்னாலும், அவனுக்கு வைங்கோன்னுதான் சொல்லுவேன், கேட்டோ.

— நிஜமாவா?

— நிஜமா. எனக்கு மிஷினே மதி. ஆஷா தரேன்னப்பவே சொல்லலையா, எனக்காக இன்னொருத்தர் உடம்புல கத்தி படப்படாதுன்னு?

— சொன்னேள். அதனாலதான் உங்ககிட்ட நான் வாயைத் திறக்கலை.

— எதுக்கு?

— அந்த இரும்பு நாற்காலில நான் உக்காந்து நாலு மாசமாச்சு.

— பின்னே எங்க போறே?

— மூணாவது மாடிக்கு. உங்க ரெண்டு பேரையும் உள்ள அனுப்பிட்டு, மாடத்தியும் நானும் லிஃப்ட்ல ஏறிடுவோம். ரத்தம், ஸ்கேன், ஈசிஜி, எல்லாம் பாத்தா. எனக்கு ஊசின்னா பயமோல்லியோ, 'யக்கா, நீங்க செவுத்தப் பாத்துக்கிடுங்க'ன்னு கையைப் பிடிச்சுப்பா.

— சூடா, உனக்கு என்ன உடம்புக்கு? என்கிட்ட ஏன் மறைச்சே?

— எனக்கு ஒண்ணும் இல்லை. அதைத்தான் டாக்டரும் எழுதிக் குடுத்துட்டார். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, ரெண்டு கிட்னியும் நன்னா வேலை செய்யறது. ஒண்ணை எடுத்தாலும் பாதகமில்லையாம்.

— வேண்டாம். நீ பி, நான் ஏ. சேராது. இப்பல்லாம் ரத்தத்தை வடிகட்டிட்டு வேற குரூப்பும் வைக்கறோம்னு டாக்டர் சொன்னதுக்கே நான் மாட்டேன்னுட்டேன். மறுபடி அதை ஆரம்பிக்காதே.

— உங்களுக்குக் குடுக்கப்போறேன்னு நான் எப்போ சொன்னேன்?

— பின்னே யாருக்கு?

— தளவாய்க்கு. அவர் பி. எல்லாம் சேர்றதுன்னு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டா.

— தளவாய்க்கா?

— ஏன், குடுக்கப்படாதா?

— இல்லை... ஒரு நிமிஷம் இரு. எனக்குன்னு நீ கேட்டிருந்தா ஜன்மத்துக்கும் ஒத்துண்டிருக்கமாட்டேன். உன்னை ஆபரேஷன் மேஜைல என்னால நினைச்சுப் பாக்கவே முடியலை. ஆனா அவன் திரும்ப நிமிர்ந்து நடப்பான்னா, உன்னைத் தடுக்க எனக்கு வாய் வரலை. அவனுக்குத் தெரியுமோ?

— போன வாரமே தெரியும். 'சாமி சம்மதிச்சா மட்டும்தான்'னுட்டார்.

— கள்ளன். என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. சரி, என் கையெழுத்தும் வேணுமாயிருக்கும் இல்லையோ? எங்க போடணும், சொல்லு.

— கடைசிப் பக்கத்துல. மாடத்தி ஏ குரூப், என்னுது அவருக்கு, அவளோடது உங்களுக்கு, நாலு பேருக்கும் ஒரே நாள்ல ஆபரேஷன். நீங்க வாங்கிக்கமாட்டேன்னா தளவாய்க்கும் கிடையாது.