ஹெட்லைட்டுக்குள்ள ஒரு இண்டிகேட்டர்

முனீஸ்: ஹெட்லைட்டுக்குள்ளயா? உங்களுக்கா?

சுப்பையன்: ஆமாங்க தம்பி. கண்ணாடிக்கு உள்ளார, ரெண்டு ஓரத்துலயும். மஞ்சளா மின்னுமல்லங்க, அந்த எல்இடி... அதுதான்.

முனீஸ்: அது காலேஜ் பயலுக கேக்குற ஐட்டம்ணே! பனியன் கம்பெனி விடுற நேரமாப் பாத்து, வாசல்ல நின்னு மினுக்கிக்கிட்டுத் திரிவானுக. நீங்க யாரப் பாத்து மினுக்கப் போறீக?

சுப்பையன்: தம்பி... குனிஞ்சுட்டுப் பேசாதீங்க. மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

முனீஸ்: ஏன்ணே?

சுப்பையன்: காது கேக்காதுங்க. மங்கலத்துல தறி ஓட்டறன். தறிச் சத்தத்துல நின்னு நின்னு, இருந்தது பூராம் போயிருச்சு. உதட்டப் பாத்தா நெம்பப் புரிஞ்சுக்குவன்.

முனீஸ்: அடடா... சும்மா கிண்டலுக்குச் சொன்னேண்ணே, ஒண்ணும் நெனச்சுக்காதீக.

சுப்பையன்: அதுதான் நீங்க என்ன சொன்னீங்கன்னே தெரியலீங்களே. அப்பறம் என்னத்த நெனைக்கறது?

முனீஸ்: ஹா... அதுவும் சரிதேன். ஆனா உங்க வண்டில நாலு இண்டிகேட்டரும் நல்லாத்தான எரியுது? பஸ்ஸர் வேற வச்சிருக்கீக. இந்தா போட்டேன்... கீங் கீங்குன்னு ரோடே திரும்பிப் பாக்குது.

சுப்பையன்: இப்ப அடிக்குதுங்களா?

முனீஸ்: அடிக்குதாவா! ...ஓ. சரி சரி.

சுப்பையன்: அதுதானுங்க சங்கதி. திரும்பி முடிச்சப்பறம் அணைக்க மறந்தர்றன். சத்தங் கேட்டாத்தான ஞாபகம் வரும்? பின்னால வர்றவன் நான் திரும்பப் போறன், திரும்பப் போறன்னு பாத்துட்டே வர்றான்...

முனீஸ்: மீட்டர்ல ஒரு பச்ச லைட்டு மின்னுமே?

சுப்பையன்: வெயில்ல அது எங்கீங்க தெரியுது.

முனீஸ்: நீங்க கேக்குற மாதிரி ஹெட்லைட்டுக்குள்ள வச்சா, எதுக்க வர்றவனுக்குத்தேன் தெரியும். ஓட்டுற உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

சுப்பையன்: அட... அத நான் ரோசன பண்ணலீங்களே.

முனீஸ்: மூஞ்சியத் தொங்கப் போடாதீக, வழி இருக்கு. உள்ள ரெண்டு ஓரமும் வரிசையா வச்சுருவோம். அதே ஒயர்ல பக்கத்துக்கு ஒண்ணு இழுத்து, ஹெட்லைட்டு மண்டைக்கு மேல, உங்களப் பாத்த மாதிரி வைக்கிறேன். எந்த வெயில்லயும் கண்ணுல குத்தும். நீங்க அணைக்காம அது விடாது.

சுப்பையன்: அப்பிடியே பண்ணுங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போகுது.

முனீஸ்: இத்தன நாளு எப்பிடிண்ணே சமாளிச்சீக?

சுப்பையன்: தோளத் தட்டுவாங்க.

முனீஸ்: யாரு?

சுப்பையன்: ஊட்டுக்காரிங்க. பேரு பெரியாத்தா. பின்னால உக்காந்துட்டு, திரும்புனதும் தோள்ல ஒரு தட்டு. நான் அணைச்சுருவன். தறிக்குடோன்லயே அப்பிடித்தானுங்க. அவ அங்கயே தார்க்குச்சில நூல் சுத்துவா. நூல் அறுந்தா ஒரு தட்டு. சோறு ஆறுதுன்னா ஒரு தட்டு. அந்தச் சத்தத்துல யாருகிட்ட யாரு பேச?

முனீஸ்: செலவே இல்லாத இண்டிகேட்டர்ல அது! வீட்டுல அம்புட்டுப் பெரிய சாமானை வச்சுக்கிட்டு, எல்இடிக்கு எதுக்குண்ணே அலையுறீக?

சுப்பையன்: அவ... இப்ப வண்டில வர்றதில்லீங்க.

முனீஸ்: கோவமா?

சுப்பையன்: ...ஆமாங்க. கோவந்தான்னு நெனைக்கறன்.

முனீஸ்: போறப்ப அரைக் கிலோ ஜிலேபி வாங்கிட்டுப் போங்க, எல்லாம் எறங்கிரும். எங்க வீட்டம்மாவுக்கு நான் அதான் செய்வேன். அந்த ஸ்பேனர எடுங்கண்ணே... அது இல்ல, சின்னது.

சுப்பையன்: தம்பி, இந்த மேடு... உங்க கடைக்கு எதுக்கால இருக்குதே. இது எப்பப் போட்டாங்க?

முனீஸ்: ஸ்பீட் பிரேக்கரா? மாசிலயோ பங்குனிலயோ. ஒரு வெள்ளக்கோடு கூடப் போடல. கெரகம், வர்றவன் பூராம் பறந்து வந்து தொம்முன்னு...

சுப்பையன்: உளுவாங்களா?

முனீஸ்: ...ஒயரப் பிடிங்க. இறுக்கிப் பிடிங்க.

ஒச்சம்மாள்: ஏங்க, சோறு கொண்டாந்திருக்கேன். ஞாயித்துக்கெழம ஒரு நாளுதேன் எனக்கு லீவு, அதுலயும் இந்த மனுசனுக்குத் தூக்குவாளி தூக்கியே... யாருங்க அது?

முனீஸ்: மங்கலத்துக்காரரு. ஹெட்லைட்டுல எல்இடி வைக்கணுமாம். காது கேக்காது, பாவம்.

சுப்பையன்: சம்சாரங்களா தம்பி? வணக்கமுங்க அம்மிணி.

ஒச்சம்மாள்: வணக்...

முனீஸ்: என்ன, வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற?

ஒச்சம்மாள்: இங்கிட்டுத் திரும்புங்க. அவருக்கு முதுகக் காட்டி நில்லுங்க. இவரு யாருன்னு தெரியலயா?

முனீஸ்: யாரு?

ஒச்சம்மாள்: அன்னைக்கு இங்க விழுந்த அக்காவ ஆட்டோல தூக்கிப் போட்டு நான்தான கூடப் போனேன். ஆசுபத்திரி வாசல்ல மண்ணுல உக்காந்துக்கிட்டு, வர்றவுக போறவுக உதட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரே... அந்த அக்கா வீட்டுக்காரருங்க!

முனீஸ்: ஐயோ. அடக் கடவுளே... நா வேற ஜிலேபி வாங்கிட்டுப் போங்கன்னு சொல்லித் தொலச்சேனே.

ஒச்சம்மாள்: எதுக்கு வந்திருக்காரு?

முனீஸ்: தெரியல. நீ வாயத் தொறக்காத. அன்னைக்கு என்ன சொன்னமோ, இன்னைக்கும் அதுதேன். கேட்டியா? அந்த மனுசன் தாங்க மாட்டாரு.

சுப்பையன்: என்னுங்க, ரெண்டு பேரும் அக்கட்டத் திரும்பி நின்னு பேசறீங்க? என்னையப் பத்திங்களா?

முனீஸ்: இல்லண்ணே, குழம்புல உப்புப் பத்தலன்னு... வேலை முடிஞ்சுபோச்சு, வாங்க. சீட்டுல உக்காந்து எடது பக்கம் போட்டுப் பாருங்க.

சுப்பையன்: போட்டனுங்க.

முனீஸ்: தெரியுதா?

சுப்பையன்: ...தெரியுதுங்க.

முனீஸ்: நல்லாத் தெரியுதா?

சுப்பையன்: நல்லாத் தெரியுது. இப்பிடித்தானுங்க அன்னைக்கும் மின்னுச்சு.

முனீஸ்: அண்ணே, போதும், அணைச்சுருங்க...

சுப்பையன்: ஊட்டுச் செவுத்துலீங்க. வண்டியக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்திப்போட்டு, எறங்கு பெரியாத்தான்னு சொல்றன். செவுத்துல மஞ்சளா விட்டு விட்டு மின்னுது. இதென்ன, அணைக்கவே இல்லியாட்ட இருக்குதேன்னு திரும்பிப் பாக்கறன்... பின்னால ஆளே இல்லீங்க.

ஒச்சம்மாள்: ஐயோ...

சுப்பையன்: லைட்டுக்காக மட்டும் இங்க வரலீங்க தம்பி. மங்கலத்துலயே கடை இருக்குது. அவ உளுந்தது இந்த மேட்டுலதான்னும், ஓடிவந்து தூக்குனது நீங்கதான்னும் சொன்னாங்க. பல தடவ இந்த வழியா வந்துட்டு, எறங்காமயே போயிருக்கறன். இன்னைக்குத்தான் தெகிரியம் வந்துது.

முனீஸ்: அண்ணே, உக்காருங்க மொதல்ல. ஏய், தண்ணி குடு அவருக்கு.

சுப்பையன்: தண்ணி வேண்டாங்க அம்மிணி. மேட்டுல வண்டி தூக்கிப் போட்டுதுங்க. தெரிஞ்சுது. அவளும் ஏறி எறங்கி உக்காந்திருப்பான்னு நெனச்சன். ஒரு ஆளு எறங்குனா வண்டி லேசாயிருமல்லங்க? அதுகூடத் தெரியாம ஓட்டிட்டுப் போயிருக்கறனே தம்பி!

முனீஸ்: யாருக்கும் தெரியாதுண்ணே. அந்த வேகத்துல...

சுப்பையன்: தோளத் தட்டலியேன்னு கூட நெனச்சனுங்க. அக்கட்ட முக்குல திரும்பறப்ப இண்டிகேட்டர் போட்டன். தட்டுனா அணைக்கலாம்னு பாக்கறன், தட்டவே காணம். செரி, கோவத்துல இருக்கறா... தட்டமாட்டான்னு உட்டுட்டன்.

ஒச்சம்மாள்: என்ன கோவம்ணே?

சுப்பையன்: திரும்பச் சொல்லுங்க அம்மிணி, கண்ணுல தண்ணி, உதடு தெரியல.

ஒச்சம்மாள்: என்ன கோவம்னு கேட்டேன்.

சுப்பையன்: காதுக்கு மிசினு வாங்கலாம்னு அவதான் என்னைய டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாளுங்க. கடைல அத்தன பேரு முன்னால அவ என் காதத் தொட்டுக் காட்டவும், எனக்கு என்னமோ ஆயிருச்சு. நானென்ன செவிடனான்னு சத்தம் போட்டன். அவ பேச வந்தா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டன். காது கேக்காதவனுக்குச் சண்டை போடறது நெம்பச் சுலுவுங்க. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா முடிஞ்சுது, அவங்க என்ன பேசி என்ன? வர்ற வழி பூராம் திரும்பியே பாக்கலீங்க.

முனீஸ்: புருசன் பொண்டாட்டின்னா இருக்கத்தான்ணே செய்யும்.

சுப்பையன்: ஆசுபத்திரிக்கு நான் போறப்ப அவ கண்ணே தொறக்கல. அப்பிடியே போயிட்டா. ஒண்ணே ஒண்ணுதானுங்க எனக்குத் தெரியோணும். உளுந்தப்பறம்... என்னையக் கூப்பிட்டாளா?

முனீஸ்: அந்தச் சின்ன ஸ்பேனர எங்க வச்சேன்...

சுப்பையன்: திரும்பாதீங்க தம்பி. மூஞ்சியக் காட்டிச் சொல்லுங்க.

முனீஸ்: இல்லண்ணே. கூப்பிடல. விழுந்த உடனே நெனவு போயிருச்சு. வலி கூடத் தெரிஞ்சிருக்காது.

சுப்பையன்: என்ற மச்சாங்கிட்டயும் இதையேதான் சொன்னீங்களாமா.

முனீஸ்: நடந்தது அதான்ணே. அவுகளும் கூப்பிடல, நீங்களும் கேக்காமப் போகல. அதப் போட்டு மனசக் கொழப்பிக்காதீக.

சுப்பையன்: செரிங்க. அப்ப கோவந்தான்.

முனீஸ்: என்னண்ணே இது? நெனவே இல்லங்குறேன்...

சுப்பையன்: நெனவு போறதுக்கு முன்னால ஒரு சித்த நேரம் இருந்திருக்குமல்லங்க? சறுக்கறப்ப? தோளப் புடிக்கலீங்களே. சட்டையக்கூடப் புடிக்கல. வாயத் தொறந்து ஒரு சத்தம் போடல. இந்த மனுசனக் கூப்பிட்டுத்தான் என்னாகப் போகுதுன்னு உட்டுட்டாளாட்ட இருக்குது.

முனீஸ்: அப்பிடிச் சொல்லாதீக!

சுப்பையன்: கூப்பிட்டு எனக்குக் கேக்காமப் போயிருந்தா, அது என் காதோட கேடுன்னு கிடப்பனுங்க. காலம் பூராம் அழுதுட்டுக் கிடப்பன். கூப்பிடவே இல்லைன்னா... அவ என்னைய வேண்டாம்னுதான போயிருக்கறா? செரிங்க தம்பி. லைட்டு நல்லா வெச்சுக் குடுத்தீங்க. நான் வர்றன்.

ஒச்சம்மாள்: ஏங்க, என்னால முடியாதுங்க.

முனீஸ்: ஏய், சும்மா இரு. சொல்லாத. சொன்னா செத்துருவாரு.

ஒச்சம்மாள்: இப்ப மட்டும் என்ன உசுரோடவா போறாரு? நகருங்க அங்கிட்டு! அண்ணே... அண்ணே, வண்டிய நிறுத்துங்க.

சுப்பையன்: என்னுங்க அம்மிணி?

ஒச்சம்மாள்: எம் மூஞ்சியப் பாருங்க. இவரு சொன்னது பொய். நெனவெல்லாம் நல்லாத்தேன் இருந்துச்சு, எம் மடியிலதேன் அவுக தலய வச்சிருந்தேன்.

சுப்பையன்: அப்ப...

ஒச்சம்மாள்: கூப்பிட்டாகண்ணே. ஏனுங்க, ஏனுங்கன்னு ரோட்டுல கெடந்துக்கிட்டே கூப்பிட்டாக. நீங்க போய்க்கிட்டே இருந்தீக. இவரு கத்திக்கிட்டே வண்டிக்குப் பின்னால ஓடுனாரு, பிடிக்க முடியல. கோவத்துல இருக்கவுக அம்புட்டுச் சத்தமாவா கூப்பிடுவாக? கடேசில உங்க பேரச் சொல்லியே கூப்பிட்டாக... சுப்பையா, சுப்பையான்னு, தொண்டை கிழிய. நீங்க கண்ணுக்கு மறைஞ்சதும் நாக்கக் கடிச்சுக்கிட்டாக. என் கையப் பிடிச்சுக்கிட்டு, இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் கண்ணு அவுரு பேரச் சொல்லிப்போட்டன், அவுருகிட்டச் சொல்லிராதன்னு வெக்கப்பட்டாகண்ணே... இது இவருக்குக் கூடத் தெரியாது, அவுகளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்னுதான் நான் யாருகிட்டயும் சொல்லல.