திருப்பாமல் விட்ட தேதி

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. காவலர்கள் என்னைச் சோதனையிட்டபோது என் தொப்புளுக்கு இரண்டு விரற்கடை மேலே நீல மையில் "பெறப்பட்டது, 14" என்று தலைகீழாகப் பதிந்திருந்தது உண்மை. அலுவலகத் தேதி முத்திரையைப் பனியனுக்குள் செருகி ஒளித்துவைத்தது நான்தான். மை காயவில்லை என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. இதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சோதனைக் குறிப்பில் ஏற்கெனவே ஏறிவிட்டது என்றார்கள்.

என் பெயரைத் தாங்கள் மேலே எழுதிக்கொண்டீர்கள். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் என் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. காலாவதி என்று கேட்டால் வாசல் காவலாளிகூடக் கை காட்டுவார். வயது ஐம்பத்து மூன்று. அரசு ஊழியர் குடியிருப்பில் பின் கட்டடம், இரண்டாம் மாடி, படிக்கட்டை ஒட்டிய வீடு.

அலுவலகத்தில் பாரபட்சமாக நடத்தப்பட்டதாக அரசு ஊழியர்கள் கொடுக்கும் புகாரை அவர்களுடைய துறை தள்ளுபடி செய்தால், அதன்மேல் முறையீடு செய்வதற்கென்று ஒரு வாரியம் இருக்கிறது. அங்கே தபால் பிரிவில் பத்தொன்பது வருடமாக எழுத்தராக இருக்கிறேன். தள்ளுபடி ஆணை கைக்குக் கிடைத்து முப்பது நாட்களுக்குள் முறையீடு எங்களிடம் வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்ததற்குச் சாட்சி என் முத்திரை. பிந்தி வந்தால் "காலாவதி" என்று சிவப்பில் இன்னொன்று. அதையும் அடிப்பவன் நான்தான். அழுதவர்கள், திட்டியவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தவர்கள் எல்லோருக்கும் பாரபட்சம் இல்லாமல் அடித்திருக்கிறேன். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

என் மனைவியின் தங்கை ஒரு அரசுத் துறையில் ஓட்டுநர். ஆறு வருடமாக அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை, தலைமைக் கட்டடத்திலிருந்து எதிரே உள்ள கட்டடத்துக்குக் கோப்புகளை ஏற்றிச் செல்வது. நடுவில் ஒரு சாலையும் ஒரு வேகத்தடையும் உள்ளன. மூன்றாவது கியருக்கு மேல் போட வழியில்லை. வெளியூர்ப் பயணம் ஓட்டியவர்களுக்குத்தான் பதவி உயர்வு. வெளியூர்ப் பயணம் ஆண்களுக்குத்தான். இது பற்றிக் கேட்டதற்கு வாகனப் பிரிவுக் கண்காணிப்பாளர், "ஏம்மா, நடுவழியில டயர் பஞ்சரானா மாத்துவியா, இல்ல எனக்கு போன் போட்டு அழுவியா?" என்று சொன்னதாகவும், அவள் அங்கேயே அவருடைய சொந்தக் காரின் சக்கரத்தைக் கழற்றிக் காட்டியதாகவும் அறிந்தேன். திரும்ப மாட்டிக் கொடுத்தாளா என்பது பற்றி இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள்.

அதன் பிறகு அவள் துறையில் புகார் கொடுத்து, அது சென்ற மாதம் தள்ளுபடியாகி, ஆணையைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, முறையீட்டோடு இணைக்க வேண்டிய பழைய பணி ஒதுக்கீட்டுப் பட்டியல்களின் நகலுக்காக மூன்று வாரம் அலைந்து, ஒரு வழியாக எல்லாவற்றையும் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு இந்த மாதம் பதின்மூன்றாம் தேதி காலையில் எங்கள் வாரியத்துக்குக் கிளம்பும் நேரத்தில், கண்காணிப்பாளர் அவளைக் கூப்பிட்டு ஒரு சாவியை நீட்டியிருக்கிறார். இரண்டு நாள் வெளியூர்ப் பயணம். ஆறு வருடத்தில் முதல் தடவை.

பதினைந்தாம் தேதி, அதாவது இன்று காலை ஏழு மணிக்கு அவள் என் வீட்டு வாசலில் நின்றாள். கையில் உறையும் சாவியும் இருந்தன.

"அத்தான், நேத்தோட முடிஞ்சிருச்சு" என்றாள்.

"என்ன முடிஞ்சிருச்சு?"

"முப்பது நாள்."

"நேத்து எங்க போய்த் தொலைஞ்ச?"

"அஞ்சாவது கியர்ல போனேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. அதன் பிறகுதான் அழுதாள்.

போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "எப்படிச் சொல்றது? கொடுத்தோம், அவதான் வேணாம்னுட்டான்னு அதையே எழுதி வச்சிருவாரு. சாவிய நீட்டும்போதே எனக்குத் தெரியும் அத்தான். தெரிஞ்சும் கை நீண்டுருச்சு" என்றாள்.

அதன் பிறகு நான் அலுவலகத்துக்காரன் என்ற முறையில் வழி சொன்னேன். தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு இணைக்கலாம், காரணத்தை மட்டும் எழுதினால் போதும் என்றேன். என்ன காரணம் என்று கேட்டாள். உண்மையையே எழுது, வெளியூர் டூட்டி என்று எழுது என்றேன். அதைக் கேட்டு என் மனைவி அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள்.

"வெளியூர் டூட்டி கொடுக்கலன்னுதானே கேஸே போடுறா? அறிவு இருக்கா உங்களுக்கு?" என்று என் மனைவி கேட்டாள்.

காய்ச்சல் என்று எழுதச் சொன்னேன். காய்ச்சல்காரி இரண்டு நாளில் அறுநூறு கிலோமீட்டர் ஓட்டினாள் என்று டிரிப் ஷீட் சொல்லும் என்றாள் தங்கை. எழுதினால் புகார் போச்சு, எழுதாவிட்டால் முறையீடு போச்சு. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் கவுண்டரில் என் முன்னால் இப்படி நின்றிருக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

நான் செருப்பு மாட்டும்போது என் மனைவி, "ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் அடிச்சீங்க, நான் வாயத் திறந்தேனா? என் தங்கச்சி மேல அந்தச் சிவப்பு சீலு விழுந்துச்சுன்னா, இந்த வீட்ல நீங்க காலாவதி" என்றாள். தங்கை உறையை என்னிடம் கொடுத்துவிட்டு டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அதன் பிறகு ஒன்பது நாற்பதுக்கு இருக்கைக்கு வந்தேன். தினமும் என் முதல் வேலை முத்திரையில் உள்ள தேதிச் சக்கரத்தை ஒரு பல் நகர்த்துவது. இன்று நகர்த்தவில்லை. நான் தேதியைத் திருத்தினேன் என்று புகாரில் எழுதியிருக்கிறார்கள். திருத்தவில்லை ஐயா, திருப்பாமல் விட்டேன், அவ்வளவுதான். அவளுடைய உறையைப் பிரித்து அதன்மேல் 14 அடித்து, பதிவேட்டில் நேற்றைய பக்கத்தின் கடைசிக் கோட்டுக்குக் கீழே இருந்த இடத்தில் எறும்பு எழுத்தில் பதிந்தேன். அடித்த கையோடு சக்கரத்தைத் திருப்பிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். சக்கரம் இறுகியது, நகவெட்டியின் முனையால் தள்ள வேண்டும். நகவெட்டியை எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தபோது தபால் பை வந்துவிட்டது. என் கை என்னைக் கேட்டு முத்திரை குத்தி வருடங்கள் ஆகின்றன. அது பாட்டுக்குக் குத்தியது. மொத்தம் அறுபத்து மூன்று தபால்கள்.

அதன் பிறகு பிற்பகல் மூன்று மணிக்குச் செயலாளர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கட்டடத்தில் எத்தனை மின்விசிறி இருக்கிறது என்று கேட்டுத் தலைமையகம் ஆள் மூலம் அனுப்பிய கடிதம் அவர் கையில் இருந்தது.

"காலாவதி, இது என்னைக்கு எழுதின கடிதம்?"

"இன்னைக்கு சார். பதினஞ்சு."

"நம்ம கைக்கு என்னைக்கு வந்துச்சு?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். "நேத்து, சார்."

"அவங்க எழுதுறதுக்கு முந்தின நாளே வாங்கி வச்சுட்டீங்க. இவ்வளவு சுறுசுறுப்பான ஆள வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்ணுவேன்!"

அறையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு அவர் மற்றத் தபால்களையும் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லி, எறும்பு எழுத்தில் விரலை வைத்தார். வாகன ஓட்டுநர் யார், எனக்கு என்ன உறவு என்று பக்கத்தில் இருந்தவர்களே எடுத்துக்கொடுத்தார்கள். யாருக்கு யார் உறவு என்று அலுவலகத்தில் பரப்பி வைத்தவனே நான்தான் என்பதால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

காவல் நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டு, ஆள் வரும்வரை அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். கழிப்பறைக்கு என்று சொல்லிவிட்டுப் போகும் வழியில் மேசையிலிருந்த முத்திரையை எடுத்துப் பனியனுக்குள் செருகினேன். அந்த நேரத்தில் சக்கரத்தை ஒரு பல் நகர்த்தி வைத்திருந்தாலே போதும். இது இந்த நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

எந்தத் தபாலுக்காக இதைச் செய்தாய் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். எல்லாமே கைத்தவறு என்று சொன்னால் அறுபத்து மூன்றையும் பதினைந்து என்று திருத்துவார்கள். அவளுடையது முப்பத்தோராம் நாளில் விழும். அவளுக்காக என்று சொன்னால் அது பொய் முத்திரை விழுந்த மனு. எப்படிச் சொன்னாலும் அவள் மனுதான் அடிபடுகிறது. பொய் முத்திரை என்பதால் அதற்கு வழக்கு எண் கொடுக்க வேண்டாம், மறு உத்தரவு வரும்வரை தனியே வைக்கவும் என்று செயலாளர் எழுதிவிட்டதாக இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டேன். ஆகவே உள்ளதைச் சொல்லியிருக்கிறேன். தேதியை விட்டுவிடச் சொல்லி அவள் என்னிடம் கேட்கவில்லை. என் மனைவி சொன்னது மேலே கண்டபடிதான். அது தினமும் ஏதாவது ஒரு காரணத்துக்காகச் சொல்வது. செய்தது நான் ஒருவன்.

மேலே உள்ளதில் நானாகக் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருந்தது, கையெழுத்திட்டேன்.

கையெழுத்துக்குப் பின் நான் கேட்டுச் சேர்த்தது: கைப்பற்றிய உறையில் இருந்த தள்ளுபடி ஆணையை நிலைய எழுத்தர் காட்டி, இது உங்கள் மனைவியின் தங்கை கையெழுத்துதானா என்று கேட்டார். ஆம் என்றேன். அதன் கீழே வாங்கிய தேதி சென்ற மாதம் பதினைந்து என்று இருந்தது. சென்ற மாதத்துக்கு முப்பது நாள். காலக்கெடுவில் ஆணையை வாங்கிய நாளைச் சேர்ப்பதில்லை, மறுநாளிலிருந்துதான் எண்ண வேண்டும். அவள் வாங்கிய நாளையும் ஒன்று என்று எண்ணியிருக்கிறாள். நான் எண்ணவே இல்லை. இப்போது விரல்விட்டு ஒரு முறையும் நிலையத்துக் காலண்டரில் ஒரு முறையும் எண்ணினேன். முப்பதாவது நாள் இன்றுதான்.