பேனாவில் எழுதிய பெயர்

எதையும் முதலில் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். உழவர் மானியப் பிரிவில் அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு என்னுடையது மட்டும்தான்.

இறந்தவர்களின் பட்டியல் வந்த அன்று பென்சில் முனை உடைந்திருந்தது. ஒரே ஊரில், ஒரே பெயரில், தகப்பன் பெயரும் ஒன்றாகவே இரண்டு பேர். நில எண்ணைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. உயிரோடு இருந்தவர் பெயருக்கு எதிரே ‘காலமானார்’ என்று பேனாவில் எழுதினேன். அவருக்கு வரும் கிணற்றுப் பாசன மானியம் நின்றது.

திங்கட்கிழமை கைத்தடியோடு வந்து நின்றார்.

“ஏம்மா, நான் எப்பம்மா செத்தேன்? சொல்லியிருந்தா பொண்டாட்டியையாவது அழச் சொல்லியிருப்பேனே.”

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தபடியே நில எண்ணைப் பார்த்தேன்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். செத்தவரைப் பதிவேட்டில் எழுப்ப இயக்குநரின் கையெழுத்து வேண்டும். தவறு செய்தவர் தன் கைப்பட விளக்கம் எழுத வேண்டும். சொல்லாமல் விடுப்பு எடுத்ததற்காக நான் ஏற்கெனவே ஒன்று எழுதியவள். இரண்டாவது எழுதினால் வேலை போய்விடும். வீட்டில் கணவர் படுத்த படுக்கை. ஆனாலும் வேலையைவிட அந்தக் காகிதத்துக்குத்தான் பயந்தேன். சின்ன வயதில் நான் செய்த ஒவ்வொரு தப்பையும் அப்பா என்னையே எழுதவைத்து வாசல் கதவில் ஒட்டுவார். வருகிறவர்கள் எல்லாரும் படித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

“மேல எழுதியிருக்கேன் ஐயா. அடுத்த வாரம் வாங்க” என்றேன். எழுதவில்லை.

நான்கு மாதம், திங்கள் தவறாமல் வந்தார். மாடிப்படியில் தடி தட்டினாலே பதிவேட்டை மூடிவிடுவேன். பியூன் எட்டிப் பார்த்து, “மேடம், உங்க பொணம் வந்தாச்சு” என்பார். பிறகு ஞாயிற்றுக்கிழமையே அந்தத் தட்டல் காதில் கேட்கத் தொடங்கியது.

கடைசித் திங்களன்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். “உங்களுக்கு ஏதோ சங்கடம்னு தெரியுதும்மா. புதன்கிழமை நானே இயக்குநரைப் பாத்துக்கறேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்.”

இரக்கப்பட்டுத்தான் சொன்னார். இயக்குநர் முதலில் கேட்பது என் விளக்கத்தைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் தோட்டத்துக்குப் போனேன். கிணற்றை அளந்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. விதிப்படி அளவு நாடாவின் ஒரு முனையை அலுவலர் பிடிக்க வேண்டும். மறுமுனையில் கல் கட்டி விவசாயி இறக்க வேண்டும். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. தடியைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“கெட்டியா நில்லுங்கம்மா. உங்கள நம்பித்தான் எட்டிப் பாக்கறேன்.”

நான் தள்ளவில்லை. கையை உருவிக்கொண்டேன்.

கிணற்றுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் கூப்பிட்டார். கயிறு பக்கத்திலேயே கிடந்தது. சத்தம் நின்ற பிறகு நாடாவைச் சுற்றினேன். ஈரம் தொடங்கிய இடத்தில் முப்பத்தோரு அடி. பென்சிலில் குறித்துக்கொண்டேன்.

தடியை நானே உடைத்து எரித்தேன். அப்படியும் திங்கட்கிழமை படியில் அது தட்டியது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் இங்கே வந்தேன்.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். என் பதிவேட்டில் பிழை என்று மட்டும் எழுதாதீர்கள். காலமானார் என்று இருக்கிறது, காலமாகிவிட்டார். தேதியில்தான் நான்கு மாதம் பிசகு. அதற்கெல்லாம் விளக்கம் கேட்க மாட்டார்கள்.