பிடிப்பு விடும் நேரம்

கெண்டைக்கால் பிடிப்பால் யாரும் சாவதில்லை. முழங்காலை நீட்டி, முன்பாதத்தைப் பிடித்து உடம்பை நோக்கி மெல்ல இழுத்தால் சதை இளகும். பிறகு உப்பிட்ட கஞ்சி குடித்துச் சற்று ஓய்ந்திருந்தால் போதும். சதை கிழிந்திருந்தால் அது வேறு. வீங்கும், கன்றிப்போகும், ஈரத்துணி சுற்றிக்கொண்டு கிடக்க வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவர்கள்தான் பயப்படுகிறார்கள்.

ஆகவே, ஐயா, என் மனைவியின் தம்பி அழகரத்தினத்தின் மரண விசாரணைப் பதிவில், வாவியில் நீந்தும்போது கால் பிடித்து மூழ்கி இறந்தான் என்று எழுதியிருப்பது பிழை. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன். நின்றுகொண்டு எழுதுகிறேன். சில மாதங்களாக எனக்கு உட்கார முடிவதில்லை. எழுத்து ஒழுங்காக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் மண்டூரில் ஆசிரியன். கொழும்பில் படித்தபோது தேகாப்பியாசமும் பயின்றேன். அழகரத்தினத்துக்கு வயது இருபத்தொன்று. ஒரு மைல் ஓட்டத்தில் அவனை வெல்ல இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அவனைப் பழக்கியது நான்.

சென்ற மாசி மாதம் என் மனைவி சீதேவிப்பிள்ளைக்குப் பிரசவ வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடப்பதாக மருத்துவிச்சி ஆச்சிப்பிள்ளை சொன்னாள். டாக்டர் அக்கரையில், களுவாஞ்சிக்குடியில் இருந்தார். தோணியில் அரை மணி, பிறகு இரண்டு மைல் ஓட்டம். ஒன்பது மணிக்கு அழகரத்தினத்தை அனுப்பினேன். பதினொன்றுக்கு அவன் டாக்டரோடு திரும்பியிருக்க வேண்டும். திரும்பியது பன்னிரண்டு நாற்பதுக்கு. சீதேவிப்பிள்ளை பன்னிரண்டுக்கு இறந்துவிட்டாள். குழந்தையும்.

“கெண்ட புடிச்சிட்டு அத்தான்,” என்றான். “விட்டு விட்டுப் புடிச்சிது. எழும்ப ஏலாம றோட்டுக் கரையில கிடந்தன். ஒரு வண்டியும் வரல்ல.”

சடலத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அவனை வெளியே கூட்டிச் சென்று இரண்டு கால்களையும் அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை. கன்றல் இல்லை. ஆகவே கிழிவு இல்லை, வெறும் பிடிப்பு. வெறும் பிடிப்பு இரண்டு நிமிடத்தில் விடும் என்று நான் படித்திருந்தேன். அவன் தவறவிட்டது நூறு நிமிடம்.

நான் திட்டவில்லை. ஒன்றுதான் சொன்னேன்: “அதே பாதையில் எனக்கு ஓடிக் காட்டு. பிடிக்கிறதா பார்ப்போம்.”

அவன் சம்மதித்தான். என்னைவிட அவனுக்குத்தான் அது வேண்டியிருந்தது. நாலு முறை அதே பாதையில் ஓடினான். தோணிக்கார வல்லிபுரம் எங்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றி இறக்கிச் சலித்தான். “மாஸ்டர், மச்சானக் குதிரையாக்கிப் போட்டீங்க. புல்லாவது போடுறீங்களா?” என்றான்.

“புல்லுக்கென்ன, அத்தான் தண்ணியே தாறாரில்ல,” என்று அழகரத்தினம் சிரித்தான்.

நாலு முறையும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஓடி முடித்ததும் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நிற்பான். “இண்டைக்கும் புடிக்கல்ல,” என்பான், தேர்வில் தவறியவனைப் போல. எனக்கு இரவில் தூக்கம் இல்லை. பகலில் துறைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். பொய் சொன்னானா இல்லையா என்பது தெரியாமல் எந்த இடத்திலும் இருக்க முடியவில்லை.

ஐந்தாவது முறை அளவைக் கூட்டினேன். ஆனி மாதத்து வெயிலில் காலையிலிருந்து ஓடவைத்தேன். தண்ணீரும் உப்பும் குறைந்தால் பிடிப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் கொடுக்கவில்லை. பிறகு, வாவியை நீந்திக் கடக்கச் சொன்னேன். வல்லிபுரத்தின் தோணியை வாங்கி நானே வலித்துக்கொண்டு பக்கத்தில் போனேன். வேறு யாரும் இல்லை.

நடுவாவியில் பிடித்தது.

“அத்தான், புடிச்சிட்டு. கையத் தாங்க.”

நான் கடிகாரத்தை எடுத்தேன். மல்லாந்து மிதக்கச் சொன்னேன். முன்பாதத்தை இழுக்கச் சொன்னேன். சரியான முறையைத்தான் சொன்னேன். அவனும் சரியாகவே செய்தான். ஒன்றரை நிமிடத்தில் விட்டது. மீண்டும் பிடித்தது. நாலாம் நிமிடத்தில் விட்டது. மீண்டும் பிடித்தது, இம்முறை இரண்டு காலிலும். ஏழாம் நிமிடத்தில் அவன் எப்படியோ தோணியின் விளிம்பைப் பற்றிக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை நான் தெளிவாகப் பார்த்தேன்.

“இப்ப நம்புறீங்களா அத்தான்? நான் பொய் சொல்லல்ல.”

நம்பினேன். அதுதான் சிக்கல். அவன் பொய் சொல்லவில்லை என்றால் என் மனைவியின் சாவுக்குப் பொறுப்பாக ஆள் இல்லாமல் போகிறது. அவனை ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தால் அவன் எல்லோரிடமும் சொல்வான், எல்லோரும் நம்புவார்கள், அதன் பிறகு நான் எதை வைத்துக்கொண்டு நடப்பது?

அவன் விரல்களை ஒவ்வொன்றாக விளிம்பிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் எதிர்க்கவில்லை. வேறு இடத்தில் பிடித்துத் தூக்கப்போகிறேன் என்று எண்ணியிருக்க வேண்டும். துடுப்பை நாலைந்து தரம் வலித்துத் தோணியை விலக்கினேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஆகவே பதிவில் என் பெயரை எழுதுங்கள். பிடிப்பு அவனைக் கொல்லவில்லை.

என் மாமி இரண்டு பிள்ளைகளையும் இழந்தவர். இன்னும் எனக்குத் தினமும் சோறு கொடுத்தனுப்புகிறார். “மனே, நீங்களாவது தின்னுங்க. உங்களுக்கு இனி நான்தானே,” என்று நேற்றும் வாசலில் வந்து நின்றார். சாப்பிட்டேன். நின்றுகொண்டு.

நாலு முறை பிடிக்காத கால் மாசி மாதத்தில் அந்த ஒரு நாள் மட்டும் ஏன் பிடித்தது என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அன்று காலை ஆறு மணியிலிருந்து அவனை வயல்வட்டையைச் சுற்றி ஓடவைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க விடவில்லை. டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று ஆச்சிப்பிள்ளை வரம்பில் ஓடி வந்து சொன்னபோது மூன்று சுற்று மிச்சம் இருந்தது. அன்றுபோல் அவன் என்றும் ஓடியதில்லை. முடித்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

அந்த மூன்று சுற்றுக்கும் பதினெட்டு நிமிடம். அதை என் கணக்கில் வைத்துப் பார்த்தாலும், ஐயா, தாமதம் பெரும்பாலும் அவனுடையதுதான்.